சவ்வுப் புரதத் தரவுத்தளம் தப்பாகக் காட்டினால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

"இந்தப் பொட்டாசியம் கால்வாய்க்கு ஏன் 2 சுருள் மட்டும் காட்டுகிறது?" "இந்த ஏற்பியின் நடுவில் லைசோசைம் எப்படி வந்தது?" "போன வாரம் இருந்த பதிவு இந்த வாரம் எங்கே?"

செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் சவ்வுப் புரதங்களின் முப்பரிமாண அமைப்புகளைத் திரட்டித் தரவுத்தளமாகப் பராமரிக்கிறவர்களுக்கு இப்படிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். எனக்கும் பல வருடங்களாக வருகின்றன. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தேடிச் சலித்துப்போய், கடைசியில் அறிகுறி வாரியாக எழுதி வைத்துக்கொண்டேன். அந்தக் குறிப்புதான் இது. ஒவ்வொரு அறிகுறிக்கும் கீழே, ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடக்கூடிய காரணம் முதலில் வரும். நாள்கணக்கில் வேலை வைக்கும் காரணம் கடைசியில் வரும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். புரதத்தில் சவ்வு எங்கே நிற்கிறது என்று கணக்கிடும் நிரலைச் சந்தேகப்படும் முன், அதன் கையில் எந்த மூலக்கூறைக் கொடுத்தோம் என்று பாருங்கள். நான் திருத்திய பிழைகளில் பெரும்பாலானவை அங்கேதான் இருந்தன.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

விடை நன்றாகத் தெரிந்த சில புரதங்களை உங்கள் நிரல் வழியாக ஓட்டிப் பாருங்கள். நான் வைத்திருப்பவை ஆறு. (சங்கிலி என்றால் அமினோ அமிலங்கள் கோத்த ஒரு தொடர்; சுருள் என்றால் அது திருகுபோல் முறுக்கிச் சவ்வைக் கடக்கும் பகுதி.) பாக்டீரியோரோடாப்சின்: சங்கிலிக்கு 7 சுருள். கேசிஎஸ்ஏ பொட்டாசியம் கால்வாய்: நான்கு சங்கிலி, ஒவ்வொன்றிலும் 2 சுருள், ஆக 8. அக்வாபோரின்: சங்கிலிக்கு 6 முழுச் சுருள், அதோடு சவ்வின் நடுவரை வந்து திரும்பிப்போகும் 2 அரைச் சுருள். ஓஎம்பிஎஃப்: மூன்று சங்கிலி, ஒவ்வொன்றும் 16 இழைகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்து குழாயான தனி பீட்டா பீப்பாய். ஆல்ஃபா ஹீமோலைசின்: ஏழு சங்கிலிகள் ஆளுக்கு 2 இழை கொடுத்து, 14 இழைகளில் எல்லாருக்குமாக ஒரே பீப்பாய். இஎம்ஆர்இ: தலைகீழாக நிற்கும் இரண்டு சங்கிலிகள், ஒவ்வொன்றிலும் 4 சுருள்.

ஆறும் சரியாக வந்தால், பிழை புகார் வந்த அந்தப் பதிவில் இருக்கிறது. ஒன்று தவறினாலும் பிழை உங்கள் நிரலில் இருக்கிறது; தனிப் பதிவைக் கையால் திருத்தாதீர்கள். கையால் திருத்திய வரிசை அடுத்த புதுப்பிப்பில் பழையபடி ஆகிவிடும், அப்புறம் யாருக்கும் காரணம் நினைவிருக்காது.

## அறிகுறி 1: இருக்க வேண்டிய பதிவு இல்லை

### ஒரு பதிவு மட்டும் இல்லை

அடையாள எண்ணைப் பாருங்கள். புரத அமைப்புகளின் உலகக் காப்பகமான பிடிபியில் ஹாலோரோடாப்சினின் எண் 1இ12. பட்டியலை யாராவது ஒருமுறை விரிதாளில் திறந்து சேமித்திருந்தால் அது ஒரு லட்சம் கோடி என்ற எண்ணாக மாறியிருக்கும், ஏனென்றால் நடுவில் உள்ள இ எழுத்தைப் பத்தின் அடுக்கு என்று விரிதாள் எடுத்துக்கொள்ளும். இலக்கம், இ, இரண்டு இலக்கம் என்ற வடிவில் உள்ள எல்லா எண்களுக்கும் இதே கதிதான். அந்த நெடுவரிசையை எழுத்து வகை என்று அறிவித்து, பட்டியலை மூலத்திலிருந்து மறுபடி இறக்குங்கள். கெட்டுப்போன கோப்பிலிருந்து மீட்க முயலாதீர்கள். எது எதுவாக இருந்தது என்று ஊகிக்க வேண்டிவரும்.

### சோடியம் அயனிகள் எல்லாம் மாயம்

சோடியத்தின் வேதிக் குறியீடு என்ஏ. பாண்டாஸ் போன்ற பைத்தான் நூலகங்கள் அந்த இரண்டெழுத்தை "மதிப்பு இல்லை" என்று இயல்பாகவே படிக்கும். லியூடி என்ற கடத்திப் புரதத்தின் 2ஏ65 பதிவில் லியூசினோடு இரண்டு சோடியம் அயனிகள் உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் புரதம் வேலை செய்வதே அவற்றால்தான். உங்கள் அட்டவணையில் லியூசின் மட்டும் இருந்தால் காரணம் இதுதான். இன்னொரு இடத்திலும் இது கடிக்கும். பிடிபியின் புதிய கோப்பு வடிவமான எம்எம்சிஐஎஃப்பில், காப்பகம் இடும் லேபிள் சங்கிலிப் பெயர்கள் ஏ முதல் இசட் வரை போய், பிறகு ஏஏ, பிஏ, சிஏ என்று தொடரும். அந்த வரிசையில் 40ஆவது பெயர் என்ஏ. பெரிய கூட்டுப்புரதங்களில் ஒரே ஒரு சங்கிலி மட்டும் காணோம் என்றால் இதை முதலில் பாருங்கள். கோப்பைப் படிக்கும்போது இயல்பான வெற்று மதிப்புப் பட்டியலை அணைத்துவிட்டால் தீரும்.

### பாதிச் சங்கிலிகள் இல்லை

சங்கிலிப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறுவேறு. ஒளிச்சேர்க்கைக் கூட்டுப்புரதமான ஃபோட்டோசிஸ்டம் 2இன் 3டபிள்யூயு2 பதிவில் முதல் பாதி பெரிய எழுத்துகளிலும் அதன் ஜோடி சிறிய எழுத்துகளிலும் பெயரிடப்பட்டிருக்கிறது. தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லின் இயல்பான ஒப்பீட்டு முறை இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும், ஆகவே இரண்டாவது பாதி முதல் பாதியின் மேல் எழுதப்படும், அல்லது மறுக்கப்படும். எழுத்தளவு பார்க்கும் ஒப்பீட்டு முறைக்கு அந்த நெடுவரிசையை மாற்றுங்கள். சங்கிலிப் பெயரைக் கோப்புப் பெயரில் வைத்திருந்தால் அங்கேயும் இதே சிக்கல் உண்டு.

### பெரிய கூட்டுப்புரதங்கள் மொத்தமாக இல்லை

பழைய பிடிபி வடிவக் கோப்பில் 99,999 அணுக்களுக்கும் 62 சங்கிலிகளுக்கும் மேல் இடமில்லை. அதைத் தாண்டிய அமைப்புகள் அந்த வடிவில் வெளியாவதே இல்லை. வேதிப்பொருள் குறியீடுகளும் மூன்றெழுத்து தீர்ந்துபோய் ஐந்தெழுத்துக்கு வந்துவிட்டன. நான்கெழுத்துப் பிடிபி எண்ணுக்குப் பதிலாக 12 எழுத்து எண்ணும் வருகிறது. இதற்கு ஒட்டுப்போட வழியில்லை. எம்எம்சிஐஎஃப் வடிவுக்கு முழுமையாக மாறுங்கள், அடையாள எண் நெடுவரிசையை அகலமாக்குங்கள். ஒரு வாரம் போகும். ஆனால் ஒருமுறை செய்தால் போதும்.

### ஒரு குடும்பமே இல்லை

பிடிபி பதிவின் தலைப்பில் "சவ்வுப் புரதம்" என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்துத் தேடினீர்களா? அந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுப்பது பதிவு செய்தவர். கடத்திகள் "கடத்துப் புரதம்" என்றும் ஏற்பிகள் "சமிக்ஞைப் புரதம்" என்றும் ஒளிச்சேர்க்கை மையங்கள் "எலக்ட்ரான் கடத்தல்" என்றும் இருக்கலாம். எதிர்ப்பக்கமும் உண்டு: சவ்வுக்கு வெளியே தொங்கும் கரையும் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் படிகமாக்கியதையும் சவ்வுப் புரதம் என்றே போட்டிருப்பார்கள். அர்வைனில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் எம்பிஸ்ட்ரக் பட்டியல், மிஷிகன் பல்கலைக்கழகத்தின் ஓபிஎம், ஹங்கேரியில் உருவான பிடிபிடிஎம் ஆகிய மூன்று சவ்வுப் புரதத் தொகுப்புகளோடும் உங்கள் எண்களை ஒப்பிடுங்கள். மூன்றிலும் இருந்து உங்களிடம் இல்லாதவை, உங்களிடம் மட்டும் இருப்பவை என்று இரண்டு பட்டியல் கிடைக்கும். இரண்டாவதை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

## அறிகுறி 2: சவ்வு தப்பான இடத்தில் நிற்கிறது

அதிக நேரம் தின்னும் அறிகுறி இது, நிதானமாகப் பாருங்கள். சவ்வு புரதத்தின் குறுக்கே சாய்ந்து நிற்கும், அல்லது கரையும் பகுதியை வெட்டிக்கொண்டு போகும், அல்லது கணக்கிட்ட தடிமன் நம்பமுடியாததாக இருக்கும். சவ்வின் நீர்வெறுக்கும் பகுதி சுமார் 30 ஆங்ஸ்ட்ராம் (பத்து ஆங்ஸ்ட்ராம் ஒரு நானோமீட்டர்). கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் சுமார் 24. 20க்குக் கீழேயோ 40க்கு மேலேயோ வரும் எதையும் நான் தானாக ஏற்றுக்கொள்வதில்லை, தனியாக எடுத்து வைக்கிறேன்.

### முதலில்: அலகு, அச்சு, போலி அணுக்கள்

தடிமன் 3 என்று வந்தால் யாரோ நானோமீட்டரை ஆங்ஸ்ட்ராமோடு கலந்திருக்கிறார்கள். க்ரோமாக்ஸ் என்ற மூலக்கூறு உருவகப்படுத்தல் மென்பொருள் வழியாக வந்த எண்கள் நானோமீட்டரில் இருக்கும். ஒரே புரதம் சவ்விலிருந்து நூறு ஆங்ஸ்ட்ராம் தள்ளி மிதந்தால், ஓபிஎம்மின் சவ்வு எல்லையை பிடிபியின் மூல ஆயத்தொலைவுகளோடு சேர்த்திருக்கிறீர்கள். ஓபிஎம் கோப்பில் புரதம் ஏற்கெனவே சுழற்றி நகர்த்தப்பட்டு, சவ்வின் மையம் இசட் அச்சில் பூச்சியமாக வைக்கப்பட்டிருக்கும். பிடிபிடிஎம்மோ சுழற்சி அணியைத் தனியாகத் தரும். எந்தச் சட்டகத்தில் இருக்கிறோம் என்பதை ஒவ்வொரு வரிசையிலும் எழுதி வையுங்கள். ஓபிஎம் கோப்பில் சவ்வுத் தளத்தைக் காட்ட டியுஎம் என்ற பெயரில் போலி அணுக்கள் உண்டு. அவற்றை வடிகட்டாமல் விட்டால் அணு எண்ணிக்கை, புரதத்தின் அகலம், மேற்பரப்பு எல்லாம் ஊதிப்போகும்.

### அடுத்து: கொடுத்தது முழு மூலக்கூறா?

படிகத்தின் சமச்சீரற்ற அலகில் (சமச்சீரால் நகலெடுத்து முழுப் படிகத்தையும் கட்டிவிடக்கூடிய மிகச்சிறிய பகுதி) இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கும் தவறு. கேசிஎஸ்ஏயின் 1கே4சி பதிவைத் திறந்தால் ஒரே ஒரு கால்வாய்ச் சங்கிலியும் இரண்டு எதிர்ப்பொருள் சங்கிலிகளும் இருக்கும். கால்வாய் நான்கு சங்கிலிகளால் ஆனது. மற்ற மூன்றும் படிகச் சமச்சீரில் ஒளிந்திருக்கின்றன. ஒற்றைச் சங்கிலியைக் கொடுத்தால் உள்பக்கம் பார்க்க வேண்டிய சுவரும் வெளியே தெரியும், கணக்கு சாயும். ஓஎம்பிஎஃப்பின் 2ஓஎம்எஃப் பதிவிலும் ஒரே சங்கிலிதான், மூன்றாக்க வேண்டும். ஆல்ஃபா ஹீமோலைசினில் ஒரு சங்கிலியை மட்டும் எடுத்தால் பீப்பாயே இருக்காது. சவ்வு என்ற ஒன்று கணக்கில் வராமலே போகலாம்.

சரி, செல்லில் வேலை செய்யும் முழு மூலக்கூறான உயிரியல் கூட்டமைப்பை எடுத்துக்கொண்டால் தீர்ந்ததா? பாதி தீரும். கோப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட கூட்டமைப்புகள் இருக்கலாம். சிலவற்றை ஆய்வாளர் சொல்லியிருப்பார், சிலவற்றை மென்பொருள் ஊகித்திருக்கும். ஆய்வாளர் சொன்னதை முதலில் எடுங்கள். மென்பொருள் மட்டும் சொன்னதைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

### பிறகு: படிகம் செய்த தலைகீழ் ஜோடி

சவ்வுப் புரதப் படிகங்களில் பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நிற்பது சகஜம். அதை ஜோடி என்று மென்பொருள் கணக்கிட்டுவிட்டால் சவ்வு இரண்டுக்கும் நடுவே சமரசமாகப் போய் நிற்கும். இரண்டு சங்கிலிகளின் முதல் சுருளையும் எடுத்து, சவ்வுக்குச் செங்குத்தான அச்சோடு ஒப்பிடுங்கள். எதிர்த் திசை என்றால் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள். தனித்தனியாக ஓட்டும்போது இரண்டு சவ்வும் ஒரே தளத்தில் அமையாவிட்டால் அந்த ஜோடி படிகத்தில் மட்டுமே இருப்பது. ஒரே தளத்தில் அமைந்தால் அவசரப்படாதீர்கள்: இஎம்ஆர்இ உண்மையிலேயே தலைகீழ் ஜோடியாகத்தான் வாழ்கிறது.

### பிறகு: கூட வந்த விருந்தாளிகள்

எதிர்ப்பொருள் துண்டு, நானோபாடி என்னும் சிறு எதிர்ப்பொருள், ஒட்டவைத்த லைசோசைம் நொதி இவை எல்லாம் படிகமாக்க உதவியவை. சவ்வைக் கணக்கிடும்போது இவற்றை விலக்குங்கள். மூலப் பதிவிலிருந்து அழிக்க வேண்டாம். "கணக்கில் சேராது" என்று கொடி போடுங்கள். பிற்பாடு ஒருவர் ஏதோ ஒரு சுழல் ஏன் விசித்திரமாக வளைந்திருக்கிறது என்று கேட்கும்போது பதில் அந்தக் கொடியில்தான் இருக்கும்.

### இதற்கு மேல் என்றால்

இவ்வளவும் பார்த்த பிறகும் சவ்வு இடறினால், கண்ணால் பார்க்கும் ஒரு சோதனை உண்டு. டிரிப்டோஃபேன், டைரோசின் இரண்டுக்கும் மட்டும் நிறம் கொடுத்துப் படத்தைத் திருப்புங்கள். சவ்வின் இரண்டு விளிம்புகளிலும் அவை பட்டை கட்டி நிற்கும். லைசின், ஆர்ஜினின், ஆஸ்பார்டேட், குளுட்டமேட் நான்கும் லிப்பிட்டைப் பார்க்கும் சுவரில் அநேகமாக இராது. அந்தப் பட்டைக்கும் உங்கள் சவ்வுக்கும் பத்து ஆங்ஸ்ட்ராம் வித்தியாசம் இருந்தால் தவறு கணக்கில் இருக்கிறது. பட்டையே இல்லை என்றால், அது சவ்வின் மேல் ஒட்டியிருக்கும் புற ஒட்டுப் புரதமாகவோ பாதி மட்டும் கட்டப்பட்ட மாதிரியாகவோ இருக்கலாம். அங்கே நிறுத்திவிட்டு ஒரு அமைப்பு உயிரியலாளரிடம் காட்டுங்கள். ஓபிஎம்மும் பிடிபிடிஎம்மும் ஒரே பதிவுக்கு வேறுவேறு விடை தந்தாலும் அப்படியே. சராசரி எடுக்கவே கூடாது. இரண்டையும் மூலத்தோடு பதிந்து, "கருத்து வேறுபாடு" என்று குறியுங்கள்.

## அறிகுறி 3: சுருள் எண்ணிக்கை பொருந்தவில்லை

### ஒன்று அதிகம்: அமினோ அமில வரிசையிலிருந்து கணித்தது 8, அமைப்பில் 7

புரதம் எங்கே போக வேண்டும் என்று சொல்லும், முனையில் இருக்கும் சமிக்ஞைத் துண்டுதான் அநேகமாகக் காரணம். அதுவும் நீர்வெறுப்பது என்பதால் டிஎம்எச்எம்எம் போன்ற கணிப்பான்கள் சுருளாக எண்ணிவிடும். முதிர்ந்த புரதத்தில் அது வெட்டப்பட்டுப்போயிருக்கும். அந்தத் துண்டைக் கண்டுபிடிக்கும் சிக்னல்பி அல்லது ஃபோபியஸ் நிரலை ஓட்டிப் பாருங்கள்; வெட்டுமிடம் அந்த "சுருளுக்கு" உடனே பின்னால் வந்தால் விஷயம் முடிந்தது.

### அதிகம்: அமைப்பிலேயே 12க்குப் பதில் 14

லியூடியில் இது நடக்கும். அதன் 1ஆவது, 6ஆவது சுருள்கள் சவ்வின் நடுவில் அவிழ்ந்து, லியூசினையும் சோடியத்தையும் பிடிக்க இடம் கொடுக்கின்றன. இரண்டாம்நிலை அமைப்பை ஒதுக்கும் நிரல் அந்த இடத்தில் சுருள் முடிந்துவிட்டது என்று சொல்லும். உங்கள் எண்ணிக்கையில் ஒவ்வொன்றும் இரண்டாகும். சுருளின் துண்டுகளை எண்ணாமல், சங்கிலி சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு எத்தனை முறை போகிறது என்று எண்ணுங்கள். ஒரு பக்கம் நுழைந்து அதே பக்கம் வெளியேறினால் அது திரும்புச் சுழல், கடப்பு ஆகாது. அக்வாபோரினின் அரைச் சுருள்களும் கேசிஎஸ்ஏயின் துளைச் சுருளும் இந்த விதியால் சரியாக அமரும். இந்த ஒரு மாற்றத்தால் எங்கள் தொகுப்பில் வந்த புகார்கள் வெகுவாகக் குறைந்தன.

### குறைவு: நடுவில் ஒரு சுருள் காணோம்

மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, செலினோமெத்தியோனின். படிகத்தின் கட்டச் சிக்கலை (அளவீட்டில் தொலைந்துபோகும் எக்ஸ் கதிர் அலைகளின் கட்டத்தை மீட்பது) தீர்க்க மெத்தியோனினுக்குப் பதிலாக அதைச் சேர்ப்பார்கள். கோப்பில் அது வேற்று அணு வரிசையில் வரும். வேற்று அணுக்களை எல்லாம் தள்ளிவிடும் ஸ்கிரிப்ட் சங்கிலியில் ஓட்டை போட்டுவிடும். இரண்டாவது, மாற்று நிலைகள். ஒரே அமினோ அமிலத்துக்கு ஏ, பி என்று இரண்டு இடம் கொடுத்திருக்கும்போது சில பார்சர்கள் இரண்டையும் எடுக்கும், சில இரண்டையும் விட்டுவிடும். மூன்றாவது, உண்மையிலேயே காணப்படாத பகுதி. பரிசோதனையில் கிடைத்த அடர்த்தி வரைபடத்தில் அங்கே எதுவும் தெரியாததால் ஆய்வாளர் கட்டாமல் விட்டிருப்பார். அந்தப் பட்டியல் கோப்பிலேயே இருக்கும். "சுருள் இல்லை" என்பதும் "சுருள் பார்க்கப்படவில்லை" என்பதும் வேறு. தரவுத்தளத்தில் இரண்டுக்கும் தனித்தனி மதிப்பு வையுங்கள்.

### பீட்டா பீப்பாயில் இழை எண்ணிக்கை

இழைகளைச் சங்கிலி வாரியாக எண்ணிவிட்டு அதையே பீப்பாயின் எண்ணிக்கை என்று போடாதீர்கள். டால்சி என்ற பாக்டீரியப் புரதத்தில் மூன்று சங்கிலிகள் ஆளுக்கு 4 இழை கொடுத்து 12 ஆக்குகின்றன. இரட்டைப்படையாகத்தான் வரவேண்டும் என்று சரிபார்ப்பு விதி எழுதியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்: மைட்டோகாண்ட்ரியாவின் விடிஏசி பீப்பாயில் 19 இழைகள்.

## அறிகுறி 4: உள்பக்கம் வெளிப்பக்கமாகிவிட்டது

பிடிபிடிஎம்மில் 1, 2 என்று இரண்டு பக்கங்கள் குறிக்கப்பட்டிருக்கும். அவை வெறும் பெயர்கள். 1 என்றால் உள்ளே என்று யாராவது எழுதியிருந்தால் பாதிப் பதிவுகள் தலைகீழாகியிருக்கும். ஓபிஎம் கோப்பில் உள், வெளி என்று பக்கம் சொல்லப்பட்டிருக்கும், போலி அணுக்களின் நிறத்திலேயே அது தெரியும், அங்கேயிருந்து எடுங்கள்.

மூலத்தில் விடை இல்லை என்றால் நேர்மின்னூட்ட விதி உதவும். 1986இல் குன்னார் வான் ஹெய்ன் காட்டியது இது: லைசினும் ஆர்ஜினினும் சைட்டோபிளாசப் பக்கச் சுழல்களில் அதிகம் இருக்கும். இரண்டு பக்கத்தையும் எண்ணிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். வித்தியாசம் ஒன்றிரண்டுதான் என்றால் அதை வைத்து முடிவு எடுக்காதீர்கள். இஎம்ஆர்இ போன்ற இரட்டைத் திசைப் புரதங்களில் சமமாகத்தான் வரும். இதனால் பக்கத்தைப் புரதத்துக்கு ஒன்று என்று வைக்காமல், சங்கிலிக்கு ஒன்று என்று வைக்க வேண்டியிருக்கிறது.

"உள்ளே" என்ற சொல்லே சில இடங்களில் குழப்பும். மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் உள்பக்கம் மேட்ரிக்ஸ். தைலக்காய்டில் ஒரு பக்கம் ஸ்ட்ரோமா, மறுபக்கம் லூமென். பக்கத்தின் பெயரை அப்படியே எழுதிவிடுங்கள், உள் வெளி என்று சுருக்காதீர்கள். பரிசோதனைச் சான்று எதுவும் இல்லாத புரதம் என்றால் "தெரியாது" என்று போட்டு, அந்தக் குடும்பத்தில் வேலை செய்கிறவரிடம் கேளுங்கள்.

## அறிகுறி 5: அமினோ அமில எண்கள் இடம்மாறியிருக்கின்றன

எம்எம்சிஐஎஃப் கோப்பில் இரண்டு எண் வரிசைகள் உண்டு: ஆய்வாளர் இட்டது ஒன்று, காப்பகம் 1இலிருந்து வரிசையாக இட்டது இன்னொன்று. ஓர் அட்டவணை ஒன்றையும் மற்றொரு அட்டவணை மற்றதையும் எடுத்திருந்தால் மாறாத ஓர் இடைவெளியில் எல்லாம் நகர்ந்திருக்கும். இடைவெளி மாறாதது என்றால் இதுதான், வேறு எதையும் தேடாதீர்கள்.

ஓர் இடத்துக்கு அப்புறம் மட்டும் நகர்ந்தால் நடுவில் ஏதோ செருகப்பட்டிருக்கிறது. பீட்டா-2 அட்ரினலின் ஏற்பியின் 2ஆர்எச்1 பதிவு நல்ல உதாரணம். மூன்றாவது உள்சுழல் இருந்த இடத்தில் டி4 லைசோசைம் வைக்கப்பட்டு, அதன் எண்கள் 1002இல் தொடங்குகின்றன. எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் லைசோசைம் சங்கிலியின் கடைசிக்குப் போய்விடும், சுருள்களின் வரிசையே குலையும். எப்போதும் காப்பகத்தின் வரிசை எண்ணால் அடுக்குங்கள், ஆய்வாளரின் எண்ணைக் காட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புரத வரிசைத் தரவுத்தளமான யூனிப்ராட்டோடு இணைக்க, பிடிபி எண்களை அதன் எண்களோடு பொருத்தும் சிஃப்ட்ஸ் அட்டவணையை அமினோ அமில அளவில் பயன்படுத்துங்கள். ஒரே சங்கிலி இரண்டு யூனிப்ராட் எண்களைச் சுட்டலாம் என்பதற்கு உங்கள் அட்டவணையில் இடம் வேண்டும்.

## அறிகுறி 6: லிப்பிட் பட்டியலில் சோப்பு

புரதத்தைச் சவ்விலிருந்து பிரித்தெடுக்கப் பயன்பட்ட டிடர்ஜென்ட் மூலக்கூறுகள் சில சமயம் அமைப்பிலேயே ஒட்டிக்கொண்டு வரும். டோடெசில் மால்டோசைடு எல்எம்டி, ஆக்டில் குளுக்கோசைடு பிஓஜி, எல்டிஏஓ எல்டிஏ என்ற குறியீடுகளில் இருக்கும். இவற்றுக்கு விலக்குப் பட்டியல் போடுவது எளிது. சிரமம் எல்லைக்கோட்டில் இருப்பவற்றால்தான் வரும். மோனோஓலின் ஒரு லிப்பிட்தான், ஆனால் படிகமாக்கும் ஊடகத்திலிருந்து வந்தது. கொலஸ்டிரால் ஹெமிசக்சினேட், கொலஸ்டிராலின் இடத்தில் உட்காரும், ஆனால் சுத்திகரிக்கும்போது சேர்த்தது. இவற்றை அழிக்காதீர்கள். "இயற்கை", "சேர்க்கப்பட்டது", "தெரியாது" என்று மூன்று வகை வையுங்கள். யுஎன்எல் என்ற குறியீடு வந்தால், அது என்னவென்று ஆய்வாளருக்கே தெரியவில்லை என்று அர்த்தம். நாம் அதற்குப் பெயர் சூட்டக்கூடாது.

வால் மட்டும் தெரிந்து தலை தெரியாத லிப்பிட்டுக்குப் பெயர் கொடுத்திருந்தால், அந்த இடத்தின் அடர்த்தி வரைபடத்தைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அதை நிரலால் தீர்க்க முயன்று நான் இரண்டு மாதம் இழந்திருக்கிறேன்.

## அறிகுறி 7: கணிப்பு மாதிரிகள் வந்த பிறகு தர வரிசை தலைகீழ்

புரத அமைப்பைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு தரும் கோப்புகளில், வெப்பநிலைக் காரணி (அணுவின் இடம் எவ்வளவு தெளிவற்றது என்ற அளவு) வரவேண்டிய நெடுவரிசையில் நம்பக மதிப்பெண் இருக்கும். பரிசோதனை அமைப்பில் அந்த எண் ஏறினால் நம்பிக்கை குறையும். கணிப்பில் ஏறினால் நம்பிக்கை கூடும். இரண்டையும் ஒரே வடிகட்டியில் ஊற்றினால் நல்ல மாதிரிகள் வெளியே போய், 50க்குக் கீழ் உள்ள தொளதொளத்த பகுதிகள் உள்ளே வரும். தனி நெடுவரிசைகளாக்குங்கள்.

அப்புறம் சவ்வு. கணிப்புக்குச் சவ்வு இருப்பதே தெரியாது. நம்பகம் குறைந்த சுழல்கள் சவ்வு இருக்க வேண்டிய இடத்தின் குறுக்கே ஓடும், சமிக்ஞைத் துண்டும் வெட்டப்படாமல் இருக்கும். இவற்றை நீக்கிவிட்டுச் சவ்வைக் கணக்கிடுங்கள். ஒற்றைச் சங்கிலி மாதிரியிலிருந்து வந்த சவ்வு இடத்தைப் பரிசோதனை விடையோடு ஒரே மதிப்பில் வைக்க வேண்டாம்.

## அறிகுறி 8: நேற்றைய விடை இன்று மாறிவிட்டது

பிடிபி ஒவ்வொரு புதன்கிழமையும் புதுப்பிக்கப்படுகிறது. முதலில் பதிவின் திருத்த வரலாற்றைப் பாருங்கள். ஆயத்தொலைவு மாறியிருந்தால் பெரிய பதிப்பு எண் கூடியிருக்கும். 2020 ஜூலையில் சர்க்கரைகள் எல்லாம் மொத்தமாகச் சீரமைக்கப்பட்டபோது கிளைக்கோப்புரதங்களில் சங்கிலிப் பெயர்களும் குறியீடுகளும் மாறின. அதற்கு முன் இறக்கிய கோப்பும் பின் இறக்கிய கோப்பும் கலந்திருந்தால் சர்க்கரைகள் இரண்டு தடவை வரும். இறக்கிய தேதியையும் பதிப்பு எண்ணையும் சேமிக்காத தரவுத்தளத்தில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, மறுபடி முழுதாக இறக்குவதுதான் வழி.

பதிவே போய்விட்டால், அது விலக்கப்பட்டவற்றின் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். விலக்கியதற்குக் காரணம் பெரும்பாலும் சிறியதாக இருக்கும், நல்ல பதிப்பு ஒன்று மாற்றாக வந்திருக்கும். சில சமயம் அப்படி இருக்காது. எம்எஸ்பிஏ கடத்தியின் அமைப்பு 2001இல் வெளியானது, 4.5 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனில் 1ஜேஎஸ்க்யூ என்ற பதிவு. 2006இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த எஸ்ஏவி1866இன் அமைப்பு வேறு குழுவிடமிருந்து வந்தபோது இரண்டும் ஒத்துப்போகவில்லை. எம்எஸ்பிஏ குழு தரவைச் செயலாக்கிய சொந்த நிரல் ஒன்றில் இரண்டு நெடுவரிசைகள் இடம் மாறியிருந்தது தெரியவந்தது. அதனால் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகத் திரும்பிப்போன மாதிரி கிடைத்திருக்கிறது. கடைசியில் ஐந்து கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அந்தக் குழு வெளியிட்டிருந்த எம்எஸ்பிஏ, இஎம்ஆர்இ இரண்டின் பதிவுகளும் விலக்கப்பட்டன. நடுவில் ஐந்து வருடம் அந்த ஆயத்தொலைவுகள் எத்தனையோ பேரின் கணக்குக்குள் போயிருந்தன. எண் வரிசையில் இரண்டு நெடுவரிசைகள் மாறுவது எனக்கும் உங்களுக்கும் நடக்கக்கூடியது என்பதால் இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஆகவே விலக்கப்பட்ட பதிவைத் தளத்திலிருந்து அழிக்காதீர்கள். "விலக்கப்பட்டது" என்று குறித்து, தேடல் விடைகளிலிருந்து மறைத்து, அதிலிருந்து பெறப்பட்ட ஒவ்வொரு வரிசையையும் அடையாள எண் வழியாகக் கண்டுபிடியுங்கள்: சவ்வு இடம், சுருள் எல்லை, அந்த வார்ப்பில் கட்டிய ஒப்புமை மாதிரிகள். பெறப்பட்ட வரிசையில் மூலத்தின் எண் இல்லையென்றால் இந்த வேலை நடக்காது. அந்த நெடுவரிசையை இன்றே சேருங்கள்.

இன்னும் விலக்கப்படாத ஒரு பதிவில் உங்களுக்கே சந்தேகம் வந்தால், பிடிபி தரும் சரிபார்ப்பு அறிக்கையைத் திறந்து, அணு மோதல்கள், ராமச்சந்திரன் வரைபடத்தில் (சங்கிலியின் முறுக்குக் கோணங்களைக் காட்டுவது) விலகி நிற்பவை, அடர்த்தியோடு பொருந்தாத பகுதிகள் ஆகியவற்றைப் பாருங்கள். உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த க்ரையோ அமைப்பு என்றால் மொத்தப் பிரிதிறனை நம்பிவிடாமல் அந்தச் சுருள் இருக்கும் இடத்தின் பிரிதிறனைப் பாருங்கள். விளிம்பில் அது மிகவும் குறைந்திருக்கலாம். அங்கேயும் சந்தேகம் தீரவில்லை என்றால் நாமே தீர்ப்புச் சொல்லாமல், எந்தச் சங்கிலி, எந்த எண், என்ன சோதனை, என்ன விடை என்று எழுதி, பதிவு செய்த ஆய்வாளருக்கும் காப்பகத்தின் பதிவாளர்களுக்கும் அனுப்புங்கள். பதில் வரும்வரை உங்கள் தளத்தில் அந்தப் பதிவு "ஆய்வில் உள்ளது" என்ற குறியோடு நிற்கட்டும்.